கம்பு ரம்பமும் பள்ளிக்கூட மரங்களும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடைபெறாத ஆண்டு இருக்க முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அழைப்பு விடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் தந்தையர் பாராங் கத்தி, மண்வெட்டி, புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றோடு வந்து சேர்வர். தாய்மார் சிற்றுண்டிச்சாலையில் மீகூன் கிளறிக்கொண்டிருப்பர். கால்வாய் தூர்வாரப்படும், வேலி புதுச்சாயம் பெறும், பள்ளியைச் சுற்றியுள்ள மரங்களின் கிளைகள் கழிக்கப்படும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அண்மைய ஆண்டுகளில் ஒரு புதிய கருவி வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரர்கள் அதனைப் 'போல் சோ' என்கிறார்கள். நான் இங்கே 'கம்பு ரம்பம்' என்றே எழுதுகிறேன்.

இரண்டு அல்லது மூன்று மீட்டர் நீளமுள்ள கம்பு. அதன் நுனியில் 8 அல்லது 10 அங்குலத் தகடு. அந்தத் தகட்டைச் சுற்றி ஓடும் பற்சங்கிலி. விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். சில வகைகள் மின்கலத்தில் இயங்குகின்றன. சிலவற்றை வீட்டு மின்சாரத்தில் இணைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கயிறு இழுக்கும் தொல்லை இல்லை. விலையும் எட்டாத தொலைவில் இல்லை. எனவே மாமரமோ ரம்புத்தான் மரமோ உள்ள வீடுகளில் இன்று இக்கருவியைக் காண முடிகிறது. அங்கிருந்து அது பள்ளிக்கும் வந்துவிட்டது.

நான் மரம் வெட்டுவதில் வல்லவள் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்து, தொடக்கப்பள்ளியில் தமிழும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிப்பவள். பள்ளியில் பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், எந்தக் கருவி வாயிலுக்குள் நுழைந்தாலும் அதன் கையேட்டை வரி விடாமல் படிப்பது என் வழக்கம். என் வீட்டு மாமரத்தையும் இதே கருவியால்தான் கழித்து வருகிறேன். படித்ததையும் கையாண்டு அறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கம்பு ரம்பம் ஒரு நல்ல கருவி. ஏணியில் ஏறி, ஒரு கையால் கிளையைப் பற்றி, மறு கையால் வெட்டி, கீழே விழுந்து இடுப்பொடிந்தவர்களை நாம் அறிவோம். அந்தத் துன்பத்திலிருந்து இது நம்மைக் காக்கிறது. நம் இரு கால்களும் தரையில் இருக்கின்றன. பற்கள் நம் கையிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன.

அந்தத் தொலைவுதான் நம்மை அசட்டையாக்குகிறது. சாதாரண ரம்பத்தைப் பிடித்திருக்கும்போது ஆபத்து நம் விரலுக்கு அருகில் இருக்கும். நம் கண்ணும் அங்கேயே இருக்கும். கம்பு ரம்பத்தைப் பிடித்திருக்கும்போது ஆபத்து நம் தலைக்கு மேலே இருக்கிறது. அது மூன்று வடிவில் வரும்: விழும் கிளை, மின்கம்பி, கூடு கட்டியிருக்கும் பூச்சிகள். விசையை விட்டால் சங்கிலி நின்றுவிடும். முறிந்த கிளைக்கு அப்படி ஒரு விசை கிடையாது.

கிளையின் எடையை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். பத்து சென்டிமீட்டர் தடிமனும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கிளையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இலைகளைச் சேர்க்காமலேயே ஏறத்தாழ 15 கிலோ வரும். கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசிப் பையைவிட அது கனமானது. அந்தப் பை மூன்று மீட்டர் உயரத்திலிருந்து நம் தோளில் விழுந்தால் என்னவாகும்? தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். ஆயினும் அது சிறு சுள்ளிகளுக்கான காப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. உண்மையான காப்பு நாம் நிற்கும் இடம்தான்.

வெட்டும் முன் ஐந்து நிமிடம்

கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே மரத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். எந்தக் கிளை காய்ந்திருக்கிறது? எது வேறொரு கிளையின்மேல் சாய்ந்திருக்கிறது? ஏற்கெனவே முறிந்து தொங்குவது உண்டா? வெட்டினால் எந்தப் பக்கம் விழும்? அங்கே ஓடோ வாகனமோ இருக்கிறதா?

இலைகளைச் சேர்த்துத் தைத்தாற்போன்ற பந்து தெரிந்தால் அது கெரெங்கா எறும்பின் கூடு. மாமரத்திலும் ரம்புத்தானிலும் அது மிகச் சாதாரணம். கடித்தால் உயிர் போகாது. ஆனால், ஓடும் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தைச் சொறிய முடியாது. தெபுவான் குளவிக் கூடு தெரிந்தால் அன்றைக்கு அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ரம்பத்தின் ஒலியும் அதிர்வும் அவற்றைக் கிளப்பிவிடும். தெபுவான் கொட்டி உயிரிழந்தோர் நம் நாட்டில் உண்டு. தீயணைப்பு மீட்புத் துறையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து அகற்றித் தருவார்கள்.

பிறகு நிற்கும் இடத்தைத் துப்புரவாக்குங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்வாங்கும்போது காலில் தடுக்க ஒரு தேங்காய் மட்டை போதும். பின்வாங்கும் வழி எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடி, கையுறை, வழுக்காத காலணி ஆகிய மூன்றும் தவிர்க்கக் கூடாதவை. நாம் மேலே பார்த்து வெட்டுகிறோம். மரத்தூள் நேராகக் கண்ணுக்குள்தான் இறங்கும். ஜப்பான் சிலிப்பரோடு இவ்வேலைக்கு வருபவரை அன்போடு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

மின்கம்பியும் ஒரு வாக்குவாதமும்

கம்பு ரம்பத்தின் கையேடு எதை எடுத்துப் படித்தாலும் ஓர் எச்சரிக்கை தவறாமல் இருக்கும்: இக்கருவி மேல்நிலை மின்கம்பிகளிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. மின்கம்பிக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 10 மீட்டர் என்று சில கையேடுகள் கூறுகின்றன. 15 மீட்டர் என்று வேறு சில கூறுகின்றன.

சென்ற ஆண்டுக் கூட்டுப்பணியில் இதுவே வாக்குவாதமாயிற்று. எங்கள் பள்ளி வேலியோரம் ஓர் அங்சானா மரம் நிற்கிறது. அதன் கிளையொன்று மின்கம்பியை நோக்கி நீண்டிருந்தது. அதன் கீழேதான் மாணவர்கள் மிதிவண்டி நிறுத்துவார்கள். இளம் தந்தை ஒருவர் தம் புதிய கம்பு ரம்பத்தோடு வந்திருந்தார். காலை முழுவதும் மாமரத்தை அழகாகக் கழித்துக் கொடுத்தவர் அவர்தான். அங்சானாவுக்கும் போகலாம் என்றார். வேண்டா என்றேன்.

"கம்பு ஃபைபர்தான் டீச்சர், கரண்ட் பாயாது. ரெண்டு நிமிஷ வேலை. மழையில முறிஞ்சு பிள்ளைங்க மேல விழுந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவர் கவலையும் பிள்ளைகளைப் பற்றியதுதான். அங்சானாவின் கிளை புயற்காற்றில் முறியக்கூடியது என்பதும் உண்மை. சுற்றி நின்ற பெற்றோரில் பாதிப் பேர் அவர் பக்கம். உதவிக்கு வந்தவரைத் தடுப்பது நம் பண்பாட்டில் எளிதன்று.

அப்போது பேத்தியைப் படிக்க வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். பல்லாண்டு காலம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, அண்ணாந்தே வாழ்நாளைக் கழித்தவர். அத்தகைய கம்பு மின்கம்பியில் பட்டுத் தொழிலாளர் மாண்ட செய்திகளை நாம் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அவர் சொன்னார்:

"கம்பு தொடலேன்னாலும் கிளை தொடும், தம்பி. வெட்டுறவனுக்குக் கண்ணு வெட்டுற இடத்துலதான் இருக்கும், கம்பியில இருக்காது. டீச்சர் சொல்றதைக் கேளு."

நான் கையேட்டைக் காட்டிச் சொல்லியிருக்கக்கூடியதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். கண்ணாடியிழைக் கம்பு உலர்ந்து தூய்மையாக இருக்கும்வரை மின்சாரத்தைத் தடுக்கலாம். ஈரமும் அழுக்கும் படிந்தால் அந்த நம்பிக்கை போய்விடும். நுனியிலுள்ள தகடும் சங்கிலியும் இரும்பு. வெட்டுண்ட பச்சைக் கிளையே நீர் நிறைந்த ஒரு மின்கடத்தி. கறுப்பு உறையிட்டுப் பின்னிய கம்பிதானே என்று துணிவோரும் உண்டு. வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு தொங்கிய உறையின்மேல் உயிரைப் பணயம் வைக்க இயலாது.

அன்று கிளை வெட்டப்படவில்லை. மிதிவண்டி நிறுத்துமிடத்தைத் திடலின் மறுபக்கத்திற்கு மாற்றினோம். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். புலனக் குழுவில், மரத்தை வேடிக்கை பார்க்கவா எங்களை அழைத்தீர்கள் என்று ஒருவர் எழுதினார். மின்விநியோக ஊழியர்கள் குறித்த நாளில் வந்தார்கள். மின்னோட்டத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும், கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவி கொண்டு சோதித்துப் பார்த்தே கிளையில் கை வைத்தார்கள். அந்த இளம் தந்தையும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களே டெஸ்ட் பண்ணிட்டுத்தான் தொடுறாங்க" என்று என்னிடம் சொன்னார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் இன்றும் எங்கள் கூட்டுப்பணிக்கு முதல் ஆளாக வருகிறார்.

மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளை நம் வேலையன்று. தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனலுக்குத் தெரிவித்தால் போதும். மின்பழுதுக்கான அழைப்பெண் 15454.

வெட்டும் முறை

கம்பைச் செங்குத்தாகப் பிடித்து வெட்டாதீர்கள். தரையோடு அது உண்டாக்கும் கோணம் 60 பாகையைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மீட்டர் கம்பை 60 பாகையில் பிடித்தால் வெட்டும் இடம் நமக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கும். செங்குத்தாகப் பிடித்தால் அது நம் உச்சந்தலைக்கு நேராக இருக்கும்.

அந்த ஒன்றரை மீட்டரும் நீண்ட கிளைக்குப் போதாது. கிளை விழும்போது ஊசலாடி நம் பக்கமும் வரலாம். ஆகவே நுனியிலிருந்து தொடங்கிச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு அடியை நோக்கி வாருங்கள். ஒரே வெட்டில் முழுக் கிளையையும் வீழ்த்தும் ஆசை வேண்டா.

சங்கிலி முழு வேகம் பெற்ற பிறகே மரத்தைத் தொட வேண்டும். தகட்டின் அடிப்பகுதியைக் கிளைமேல் பதியவைத்து, கருவியின் எடையே வெட்டும்படி விடுங்கள். அழுத்த வேண்டியிருந்தால் சங்கிலி மழுங்கியிருக்கிறது என்று பொருள். தகட்டின் மூக்கு வேறு கிளையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடித்தால் கருவி உதறும்.

தடித்த அடிக்கிளைக்கு மூன்று வெட்டுகள் தேவை. முதலில், தண்டிலிருந்து ஏறத்தாழ ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால்பங்கு ஆழத்திற்கு வெட்டுங்கள். இரண்டாவதாக, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து வெட்டிக் கிளையை விழச் செய்யுங்கள். அடிவெட்டு இருப்பதால் பட்டை தண்டுவரை உரிந்து வராது. மூன்றாவதாக, எஞ்சிய முளையை வெட்டுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டைபோல் ஒரு வீக்கம் இருக்கும். அதை வெட்டிவிடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அந்த வீக்கத்திலிருந்தே மரம் தன் காயத்தை மூடிக்கொள்கிறது. அமெரிக்க மரநூல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து இதை உலகுக்கு விளக்கினார். காயத்தின்மேல் சாயமோ தாரோ பூசுவதால் பயனில்லை என்பதும் அவர் கண்டதே.

ரம்பம் கிளையில் சிக்கிக்கொண்டால் இழுத்துப் போராடாதீர்கள். விசையை விடுங்கள். மின்கலத்தைக் கழற்றுங்கள், மின்கம்பி இணைப்பென்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு, கிளை விழும் வழிக்கு வெளியே நின்று நிதானமாக விடுவியுங்கள்.

நான்கைந்து கிலோ எடையை நீண்ட கம்பின் நுனியில் தாங்குவது தோளுக்குப் பெருஞ்சுமை. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இறக்கி வைத்து இளைப்பாறுங்கள். களைத்த கையில்தான் கம்பு தள்ளாடும்.

பராமரிப்பு

எந்தப் பராமரிப்புக்கும் முதல் படி ஒன்றே: மின்கலத்தைக் கழற்றுதல் அல்லது பிளக்கைப் பிடுங்குதல். விசையைத் தொடமாட்டேன் என்ற உறுதி போதாது.

1. சங்கிலியின் இறுக்கம்: கையுறை அணிந்து, தகட்டின் நடுவில் சங்கிலியை இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பி, விட்டதும் படிய வேண்டும். காடியைவிட்டு வெளியே வந்தால் தளர்வு. அசையவே இல்லையென்றால் அதிக இறுக்கம். புதுச் சங்கிலி நீளும் தன்மையுடையது; முதற்சில வெட்டுகளுக்குப் பின் மறுபடியும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கினால் ஆறியதும் சுருங்கி மேலும் இறுகிவிடும்.

2. எண்ணெய்: சங்கிலிக்கென்று விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். வாகனத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயில் இரும்புத் துகள்களும் நச்சும் உண்டு. சில வகைகளில் எண்ணெய் தானாகச் சுரக்கும். சிலவற்றில் நாமே பொத்தானை அழுத்தவோ சொட்டுவிடவோ வேண்டும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

3. கூர்மை: நல்ல சங்கிலி சீவல் சீவலாக வெட்டும். மாவுபோல் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது. இச்சிறு ரம்பங்களில் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் பொருந்தும். சரியான அளவைக் கையேட்டில் காண்க. பெரும்பாலும் 30 பாகைச் சாய்வில், ஒரே திசையில் தள்ளி, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும். ஒரு பக்கப் பற்கள் மட்டும் கூராக இருந்தால் வெட்டு வளைந்து போகும்.

4. துப்புரவு: மூடியைத் திறந்து, எண்ணெயில் ஊறிய மரத்தூளைத் தூரிகையால் அகற்றுங்கள். மாம்பால் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்; அன்றே துடைத்தால் எளிது. தண்ணீர்க் குழாயைக் கருவியின்மேல் திருப்பாதீர்கள்.

5. மின்கலம்: கொதிக்கும் சூட்டோடு மின்னேற்றாதீர்கள், ஆறவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவைக்காதீர்கள். பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதியளவு மின்னேற்றி, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள்.

6. மின்கம்பி இணைப்புள்ளவை: நீட்டிப்புக் கம்பி தடித்ததாகவும் வெளிப்புறப் பயன்பாட்டுக்குரியதாகவும் இருக்க வேண்டும். சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்ட கம்பி சூடேறும். மின்கசிவுத் துண்டிப்பான் வழியாகவே இணையுங்கள். மழை தூறினால் வேலையை நிறுத்துங்கள்.

7. வைப்பிடம்: தகட்டுக்கு உறை போட்டு, மின்கலத்தைக் கழற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் எண்ணெயை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தரையெல்லாம் சொட்டும்.

பள்ளியில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு

வீட்டில் ஒருவர் தனியாக வெட்டுவது வேறு. நூறு பேர் நடமாடும் பள்ளியில் வெட்டுவது வேறு. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடப்பிலிருக்கிறது. வேலையிடத்தில் பிறருக்கு ஊறு நேராமல் காப்பது கடமை என்பதே அதன் சாரம். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறர் பெற்ற பிள்ளைகள் நம் பொறுப்பில் இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் மூன்று ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். முதலாவது, வெட்டும் இடத்தைச் சுற்றி 15 மீட்டருக்குக் கயிறு. பூப்பந்துத் திடலின் முழு நீளத்தைவிட அது சற்றே அதிகம். அதற்குள் வெட்டுபவர் ஒருவர் மட்டும். விழுந்த கிளைகளை இழுப்பவர்கள், ரம்பம் நின்று மின்கலம் கழற்றப்பட்ட பிறகே உள்ளே போகலாம். இரண்டாவது, கயிற்றோரம் ஒரு காவலர். அவர் வேறு வேலை செய்யக் கூடாது. தேநீர் கொடுக்கவும் போகக் கூடாது. மேலே கிளையையும் சுற்றிலும் மனிதரையும் பார்ப்பதே அவர் பணி. ரம்ப ஒலியில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் அவர் கழுத்தில் உடற்கல்வி ஆசிரியரின் ஊதல் தொங்கும். ஊதல் கேட்டதும் வெட்டுபவர் விசையை விட்டுவிட வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் நடைமுறையில் கடினமானது. 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எவருக்கும் உண்டு. வயதில் சிறியவர் பெரியவரை நிறுத்தலாம்; பெண் ஆணை நிறுத்தலாம்; மாணவர் ஆசிரியரை நிறுத்தலாம். நிறுத்தப்பட்டவர் அதை அவமதிப்பாகக் கொள்ளக் கூடாது. பணி தொடங்குமுன் இதை நான் எல்லாரிடமும் உரக்கச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆபத்தைக் கண்டவரும் மரியாதை கருதி வாய் மூடி நின்றுவிடுவார்.

சென்ற கூட்டுப்பணியில் ஊதல் இரண்டு முறை ஒலித்தது. ஒரு முறை, பந்தைத் தேடிக் கயிற்றுக்குள் நுழைந்த முதலாம் ஆண்டு மாணவனுக்காக. மறுமுறை, கண்ணாடியைக் கழற்றி வியர்வை துடைத்துவிட்டு அணிய மறந்த தந்தைக்காக. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் முன்னோர். மரத்தடியில் நிற்பவர்களுக்கு உயரமும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியில் அடுத்த கூட்டுப்பணிக்கு யாரேனும் கம்பு ரம்பம் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு குவளை தேநீர் கொடுத்து, கூடவே ஒரு கயிற்றையும் ஓர் ஊதலையும் எடுத்து வையுங்கள். மரத்தை ஒரு முறை அவரோடு சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் ஆகும்.